முறைப்படி வந்தவர்களுக்கு என்ன அச்சம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் நடைபெறும் குடியேற்றச் சோதனைகளைப் பற்றித் தங்கள் நாளிதழ் வெளியிட்டுவரும் செய்திகளையும், அவற்றையொட்டி வாசகர் கடிதப் பகுதியில் வந்த கருத்துகளையும் தொடர்ந்து படித்து வருகிறேன். அண்மையில் வாசகர் ஒருவர், முறைப்படி விசா வாங்கி, வரிசையில் நின்று போனவர்கள் எதற்காக அஞ்ச வேண்டும் என்றும், வேலி தாண்டி வந்தவனைப் பிடித்தால் நமக்கென்ன என்றும் கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு மறுமொழியாகவே இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, சுருக்கும் உரிமை தங்களுடையது.

நான் அரிசோனா மாநிலத்தின் சாண்ட்லர் நகரில் கால் நூற்றாண்டாக வசிப்பவன். எச்-1பி விசாவில் வந்து, கிரீன் கார்டுக்குக் காத்திருந்து, பின்னர் குடியுரிமை உறுதிமொழி எடுத்துக்கொண்டவன். ஆகவே அந்த வாசகர் சொல்லும் வரிசையில் நானும் கால் கடுக்க நின்றவன்தான். அவர் கேட்ட கேள்வியை அவரைவிடக் கடுமையான சொற்களில் நானே ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். 2010இல் இம்மாநிலம் தனக்கென ஒரு குடியேற்றச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, மதிய உணவு வேளையில், மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த சக பொறியாளர் ஒருவரிடம், "உங்களிடம்தான் காகிதம் இருக்கிறதே, பிறகென்ன?" என்றேன். அரிசோனா ஒரு மாநிலமாக ஆன 1912ஆம் ஆண்டுக்கு முன்பிருந்தே தம் குடும்பம் டூசானில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு, அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர் ஏன் எழுந்து போனார் என்பது எனக்கு விளங்கச் சில ஆண்டுகள் ஆயின.

எல்லையைக் காக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. அனுமதியின்றித் தங்கியிருப்பவரைத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் உண்டு. இதில் எனக்கு மாறுபாடு இல்லை. நான் கேட்பது வேறொன்று. தெருவில் பத்துப் பேர் நடந்து போகிறார்கள். அவர்களுள் யாரை நிறுத்துவது என்று அதிகாரி எதை வைத்து முடிவு செய்கிறார்? விசா யார் நெற்றியிலும் எழுதி ஒட்டியிருப்பதில்லை. காகிதம் சட்டைப் பைக்குள் இருக்கிறது, முகம் வெளியே தெரிகிறது. முறைப்படி வந்தவர் என்ற தகுதி, நிறுத்தப்பட்ட பிறகு விடுபடுவதற்கு ஒருவேளை உதவலாமே தவிர, நிறுத்தப்படாமல் இருப்பதற்கு அது எவ்வகையிலும் உதவுவதில்லை.

நான் வசிக்கும் ஊரையே சான்றாகச் சொல்லலாம். இன்று சாண்ட்லரில் கணினிச் சில்லு செய்யும் ஆலைகளைச் சுற்றி நம்மவர் குடும்பங்கள் நிறைந்திருக்கின்றன; இட்லி மாவு வாங்கத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. இந்த வளர்ச்சிக்கு முன்னால், 1997 ஜூலை இறுதியில், ஊரின் பழைய மையப் பகுதியைப் புதுப்பிக்கும் திட்டம் நடந்துகொண்டிருந்த வேளையில், நகரக் காவல்துறையினரும் எல்லைக் காவல் படையினரும் சேர்ந்து ஐந்து நாள்கள் தெருத்தெருவாகச் சலித்தெடுத்தார்கள். ஆவணமில்லாத 432 பேர் பிடிபட்டதாகக் கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கில் வராதவர்களைப் பற்றித்தான் நான் பேச வேண்டியிருக்கிறது. கடை வாசல்களிலும் சாலைகளிலும் நிறுத்தி விசாரிக்கப்பட்டவர்களில் அமெரிக்கக் குடிமக்களும் இருந்தார்கள், நிரந்தரமாக வாழும் உரிமை பெற்றவர்களும் இருந்தார்கள். மாநிலத்தின் அன்றைய தலைமை வழக்கறிஞர் கிராண்ட் வுட்ஸ் குடியரசுக் கட்சிக்காரர். எல்லைப் பாதுகாப்புக்கு எதிரானவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அவருடைய அலுவலகம் ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, தோலின் நிறமும் மெக்சிகோ நாட்டவர் போன்ற தோற்றமும் ஸ்பானிய மொழிப் பேச்சும் தவிர வேறு காரணம் எதுவும் புலப்படாமலே மக்கள் நிறுத்தப்பட்டார்கள் என்று கண்டது. நகர நிர்வாகம் 1999இல் 4 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. இந்த நிகழ்ச்சியை நான் இவ்வூருக்கு வந்து பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். வீடு வாங்கும்போது பள்ளிக்கூடத்தின் தரத்தையெல்லாம் துருவித் துருவி விசாரித்த நான், இதை யாரிடமும் கேட்டதில்லை.

அமெரிக்கச் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்று கேட்டால், ஆம் என்றும் இல்லை என்றும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணமின்றி ஒருவரை நிறுத்தவோ பிடிக்கவோ கூடாது என்பது அரசியலமைப்பின் நான்காம் திருத்தம். அது 'குடிமக்கள்' என்று சொல்லாமல் 'மக்கள்' என்றே சொல்கிறது. 1975இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கலிபோர்னியாவின் சான் கிளமென்ட் அருகே, இரவு நேரத்தில் நெடுஞ்சாலை ஓரம் நின்றிருந்த இரண்டு எல்லைக் காவலர்கள், தங்கள் வண்டியின் விளக்கொளியில் கடந்துபோன ஒரு காரைத் துரத்தி நிறுத்தினார்கள். காரில் இருந்த மூவரும் மெக்சிகோ வம்சாவளியினர் போலத் தோன்றினார்கள் என்பதே அவர்கள் சொன்ன காரணம். அந்தத் தோற்றம் மட்டும் போதாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில், மற்றக் காரணங்களோடு சேரும்போது தோற்றத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதி வைத்தது. அந்த ஒரு வரிதான் ஐம்பது ஆண்டுகளாக இந்த நாட்டில் குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது. எல்லையோர நிரந்தரச் சோதனைச் சாவடிகளில் அவ்வளவுகூடத் தேவையில்லை என்று அடுத்த ஆண்டே மற்றொரு தீர்ப்பு வந்தது. ஸ்பானிய வம்சாவளியினர் பெருந்தொகையாக வாழும் பகுதிகளில் அந்தத் தோற்றத்தால் எதையும் பிரித்தறிய முடியாது என்று, கலிபோர்னியாவும் அரிசோனாவும் அடங்கிய ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் தெளிவாகச் சொன்னது என்றாலும், மேலே இருந்த வரி அழிக்கப்படவில்லை.

2010 ஏப்ரல் 23 அன்று ஆளுநர் ஜேன் புரூவர் கையொப்பமிட்ட அரிசோனா சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை உச்ச நீதிமன்றம் 2012 ஜூனில் நீக்கியது. வேறொரு காரணத்துக்காக நிறுத்தப்பட்ட ஒருவர்மீது ஐயம் எழுந்தால், அவருடைய குடியேற்ற நிலையைக் காவலர் விசாரிக்க வேண்டும் என்ற பிரிவை மட்டும் அப்போதைக்கு விட்டுவைத்தது. அந்தப் பிரிவுக்கு மக்கள் வைத்த பெயர் 'காகிதத்தைக் காட்டு' என்பதாகும். அரிசோனாவின் ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவரை முறைப்படி இருப்பவராகவே கருத வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது. ஆக, நடந்து போகும் முதியவரைவிடக் கார் ஓட்டுபவர் சற்றுக் கூடுதலான குடிமகன்.

சாண்ட்லர் அடங்கிய மரிகோபா மாவட்டத்தில் அக்காலத்தில் ஷெரீஃபாக, அதாவது மாவட்டக் காவல் தலைவராக, இருந்தவர் ஜோ ஆர்ப்பையோ. அவருடைய ஆள்கள் குறிப்பிட்ட பகுதிகளைச் சுற்றி வளைத்து, சிறு போக்குவரத்துக் குற்றங்களைச் சாக்காக வைத்து வண்டிகளை நிறுத்துவார்கள். அவர்மீது 2007இல் தொடரப்பட்ட வழக்கின் முதல் மனுதாரர் யார் என்பதைத் தங்கள் வாசகர் அறிந்துகொள்வது நல்லது. அவர் மெக்சிகோவிலிருந்து சுற்றுலா விசாவில், முறைப்படி வந்தவர். காரில் பயணியாக உட்கார்ந்திருந்தார். விசா கையில் இருந்தும், அவரைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பல மணி நேரம் அடைத்து வைத்திருந்தார்கள். வழக்கில் சேர்ந்த மற்ற மனுதாரர்கள் அமெரிக்கக் குடிமக்கள். 2013 மே மாதத்தில் நீதிபதி முர்ரே ஸ்னோ, ஷெரீஃப் அலுவலகம் இனத்தைப் பார்த்தே மக்களை நிறுத்தியது என்றும், அது அரசியலமைப்புக்கு மாறானது என்றும் தீர்ப்பளித்தார். இந்த வழக்கில் நீதிமன்ற ஆணையை மீறியதற்காக ஆர்ப்பையோ 2017 ஜூலையில் குற்றவாளியாகக் காணப்பட்டார். ஆகஸ்டில் அதிபர் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். தீர்ப்பை நிறைவேற்றும் செலவு எங்கள் மாவட்டத்து வரிப்பணத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. வரி கட்டுகிறவர்களுள் நிறுத்தப்பட்டவர்களும் உண்டு.

இவையெல்லாம் பழங்கதை என்று தோன்றலாம். 2025 கோடையில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்தது பழங்கதை இல்லை. முகமூடியணிந்த அதிகாரிகள் பேருந்து நிறுத்தங்கள், கார் கழுவும் இடங்கள், கூலியாள்கள் காத்து நிற்கும் கடை வாசல்கள் ஆகியவற்றில் இறங்கி மக்களை நிறுத்தினார்கள். அதை எதிர்த்து வழக்காடியவர்களுள் ஒருவர் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த அமெரிக்கக் குடிமகன். தாம் குடிமகன் என்று அவர் மீண்டும் மீண்டும் சொன்னபோது, "எந்த மருத்துவமனையில் பிறந்தாய்?" என்று அதிகாரிகள் கேட்டார்கள் என்று வழக்கு மனு கூறுகிறது. தாம் பிறந்த மருத்துவமனையின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அடையாள அட்டையைக் காட்டிய பின்னரே விட்டார்கள். அட்டையைத் திருப்பித் தரவில்லை. இந்த இடத்தில் நான் சற்று நின்று யோசித்தேன். நான் பிறந்தது எந்த ஆஸ்பத்திரி என்று எனக்கும் தெரியாது. வீட்டிலேயே மருத்துவச்சி கையில் பிறந்தேன் என்று அம்மா சொன்னதாக நினைவு. இதை நான் துப்பாக்கி வைத்திருப்பவரிடம் எந்த ஆங்கிலத்தில் விளக்குவேன்?

ஜூலை 11 அன்று நீதிபதி மாமே ஃப்ரிம்பாங் ஓர் இடைக்கால ஆணை பிறப்பித்தார். இனத்தோற்றம், ஸ்பானிய மொழியில் பேசுவது அல்லது வேற்று உச்சரிப்போடு ஆங்கிலம் பேசுவது, நிற்கும் இடம், செய்யும் வேலை ஆகிய இந்த நான்கை மட்டுமே வைத்து யாரையும் நிறுத்தக்கூடாது என்பது அதன் சாரம். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை நிறுத்திவைக்க மறுத்தது. செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், ஆறு பேருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில், அந்த ஆணையை நிறுத்திவைத்தது. பெரும்பான்மையினர் காரணம் எதையும் எழுதவில்லை. தனியே கருத்து எழுதிய நீதிபதி பிரெட் கவனா, லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் வாழ்பவர்களில் ஏறக்குறைய 10 விழுக்காட்டினர் அனுமதியின்றி இருப்பவர்கள் என்பதைச் சுட்டிக்காட்டி, இத்தகைய அடையாளங்கள் சேரும்போது ஐயம் நியாயமானதாகலாம் என்றார். முறைப்படி இருப்பவர்களிடம் விசாரணை பொதுவாகச் சுருக்கமாகவே முடியும், அவர்கள் உடனே போய்விடலாம் என்றும் எழுதினார். மறுப்புக் கருத்து எழுதிய நீதிபதி சோனியா சோட்டோமயோர், ஸ்பானிய வம்சாவளித் தோற்றமும் ஸ்பானியப் பேச்சும் குறைந்த கூலி வேலையும் உள்ள எவரையும் அரசு பிடித்து நிறுத்தக்கூடிய நாட்டில் நாம் வாழ வேண்டியதில்லை என்ற பொருளில் எழுதினார். வழக்கு தொடங்கிய கீழ் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வாழ்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அந்தத் தோற்றம் உடையவர்கள். அதே நீதிபதி கவனா, டிசம்பரில் வேறொரு வழக்கின் அடிக்குறிப்பில், நாட்டின் உட்பகுதிகளில் இனத்தை வைத்து நிறுத்தவோ கைது செய்யவோ கூடாது என்று எழுதினார். அடிக்குறிப்பைத் தெருவில் நிற்கும் அதிகாரி படித்தாரா என்பதை நிறுத்தப்பட்டவர் எவ்வாறு அறிவார்?

நான்கு அடையாளங்களுள் உச்சரிப்பும் ஒன்று என்பதைத் தமிழ் வாசகர்கள் கடந்து போய்விடக் கூடாது. இவ்வளவு காலம் இங்கே பேசியும் என் ஆங்கிலத்தைவிட்டுத் திருநெல்வேலி போகவில்லை. போக வேண்டும் என்று நான் விரும்பியதும் இல்லை. எங்கள் ஊர்க் கடைகளில் என்னைப் பார்த்ததும், எடுத்த எடுப்பில் ஸ்பானிய மொழியில் விசாரிப்பவர்கள் பலர். முன்பெல்லாம் நான் அதற்குச் சிரித்துக்கொண்டு, "நான் இந்தியன்" என்பேன். அந்தச் சிரிப்பில், "நான் அவர்களுள் ஒருவன் இல்லை" என்ற பெருமையும் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது என்பதை அந்தக் கடைக்காரர்கள் எனக்கு நல்லெண்ணத்தோடு சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

நீதிபதி கவனா எழுதிய 'சுருக்கமான விசாரணை' என்பதை அடுத்து எடுத்துக்கொள்கிறேன். 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் தம் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். தவறினால் 30 நாள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ஆகவே கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் அதைப் பீரோவில் பூட்டி வைப்பது தவறு. ஆனால் அமெரிக்கக் குடிமகன் தான் குடிமகன் என்பதற்கு எந்த ஆவணத்தையும் சுமந்து திரிய வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. குடிமகனுக்கு மட்டுமே உரிய அந்தச் சுதந்திரம்தான் பழுப்பு நிறத்தவருக்கு வினையாகிறது. கையில் ஒன்றுமில்லாமல் நிற்கும் குடிமகனும், கையில் ஒன்றுமில்லாமல் நிற்கும் ஆவணமற்றவரும் அதிகாரியின் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கிறார்கள். விளைவாக, சட்டம் விதிக்காத கடமையைத் தோல் விதிக்கிறது. இந்த நாட்டுக்கு இது புதிதும் இல்லை. 1892இல் இயற்றப்பட்ட கியரி சட்டம் சீனத் தொழிலாளர்கள் வசிப்பிடச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்றது. இல்லாதவர், தாம் இங்கு வாழ்ந்தவர் என்பதற்கு நம்பத்தகுந்த வெள்ளையர் ஒருவரைச் சாட்சியாகக் கூட்டிவர வேண்டியிருந்தது.

எவ்வளவு பேர் இப்படிச் சிக்குகிறார்கள்? நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அமைப்பு 2021இல் அளித்த அறிக்கையின்படி, 2015ஆம் நிதியாண்டு முதல் 2020ஆம் நிதியாண்டின் பாதி வரை, குடிமக்களாக இருக்கக்கூடிய 674 பேரை 'ஐஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் குடியேற்ற அமலாக்கத் துறை கைது செய்திருக்கிறது. 121 பேரைக் காவலில் வைத்திருக்கிறது. 70 பேரை நாடு கடத்தியே விட்டது. இத்தகையவர்களை முறையாகக் கணக்கில் வைக்கும் ஏற்பாடு அத்துறையிடம் இல்லை என்பதும் அதே அறிக்கையின் கண்டுபிடிப்பு. 2025 அக்டோபரில் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம், அவ்வாண்டில் குடியேற்ற அதிகாரிகளால் பிடித்துவைக்கப்பட்ட குடிமக்கள் 170 பேருக்கும் மேல் என்று தன் சொந்தத் தேடலில் எண்ணிச் சொன்னது. அரசு எண்ணாத ஒன்றைச் செய்தியாளர்கள் எண்ண வேண்டியிருந்தது.

நியூயார்க்கைச் சேர்ந்த ஒருவரின் வழக்கு என் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. அவர் ஜமைக்காவில் பிறந்தவர். தந்தையோடு வாழ இங்கே வந்தார். 2002இல் தந்தை குடிமகனானபோது மகனுக்கு வயது 17. அந்த நொடியே மகனும் சட்டப்படி குடிமகனாகிவிட்டார். பின்னர் ஒரு குற்றத்துக்காகத் தண்டனை அனுபவித்து 2008இல் வெளியே வந்தபோது, குடியேற்ற அதிகாரிகள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். தாம் குடிமகன் என்று சொன்னார். தந்தையின் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். அந்த எண்ணை அழைப்பதற்குப் பதிலாக, தந்தையின் பெயரை ஒத்த பெயருடைய வேறொருவரின் கோப்பைப் பார்த்து, இவர் குடிமகன் இல்லை என்று முடிவு செய்தார்கள். அவர் 1,273 நாள்கள் காவலில் இருந்தார். குடியேற்ற நீதிமன்றத்தில் அரசு செலவில் வழக்கறிஞர் கிடையாது. பின்னர் அவர் இழப்பீடு கேட்டபோது, கீழ் நீதிமன்றம் 82,500 டாலர் வழங்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல், வழக்குத் தொடர வேண்டிய இரண்டாண்டுக் கெடு கடந்துவிட்டது என்று சொல்லி அதையும் நீக்கியது. அந்தக் கெடு அவர் காவலில் இருந்தபோதே முடிந்துவிட்டிருந்தது. சுருக்கமான விசாரணை என்ற சொல்லை எப்போது கேட்டாலும் எனக்கு அந்த 1,273 என்ற எண்தான் நினைவுக்கு வருகிறது.

அவர் குற்றம் செய்தவர்தானே என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் நிலையைச் சற்றுப் பார்க்க வேண்டும். 2001 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 18 வயது நிரம்பாத, நிரந்தர வாழுரிமை பெற்ற பிள்ளை, குடிமகனாகிய பெற்றோரின் பொறுப்பில் அவரோடு இங்கு வாழ்ந்தால், அப்பிள்ளையும் தானாகவே குடிமகனாகிவிடும். விண்ணப்பமும் வேண்டியதில்லை, உறுதிமொழியும் வேண்டியதில்லை. அதனாலேயே, தனியே விண்ணப்பித்துக் குடியுரிமைச் சான்றிதழ் பெறாதவரை, குடியேற்றத் துறையின் ஏடுகளில் அப்பிள்ளை பல நேரம் பழைய கிரீன் கார்டுக்காரராகவே இருந்துவிடும். பிறந்த ஊர் என்ற இடத்தில் சென்னை என்றோ மதுரை என்றோ இருக்கும். வெளிநாட்டில் பிறந்தவர் என்று தெரிந்துவிட்டால், குடியேற்ற நீதிமன்றம் அவரை வெளிநாட்டவர் என்றே முதலில் கருதும். இல்லை என்று நிறுவும் சுமை அவர்மீது விழும். என் மூத்த மகள் மூன்று வயதில் எங்களோடு வந்தவள். பாஸ்போர்ட் இருக்கிறதே என்று இருபது ஆண்டுகளாக அந்தச் சான்றிதழை நாங்கள் வாங்காமலே இருந்துவிட்டோம். கட்டணம் ஆயிரம் டாலருக்கு மேல். அந்தக் கஞ்சத்தனத்துக்கு இப்போது வருந்துகிறேன். சென்ற ஆண்டுதான் விண்ணப்பித்தோம். தங்கள் இதழைப் படிக்கும் அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோரில் என்னைப் போன்றவர்கள் நிறைய இருப்பார்கள்.

குடியுரிமை ஒருமுறை கிடைத்துவிட்டால் நிலையானது என்ற நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் என்ற சீக்கியருக்குக் கிடைத்த குடியுரிமையை எதிர்த்து அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. அக்காலச் சட்டப்படி வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினருமே குடியுரிமை கோர முடியும். மானிடவியலார் எவ்வாறு வகைப்படுத்தினாலும், சாதாரண மனிதர் வெள்ளையர் என்று புரிந்துகொள்பவர்களுள் இந்தியர் அடங்கமாட்டார் என்று 1923இல் நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. அதன் பிறகு, முறைப்படி விண்ணப்பித்து, முறைப்படி நீதிபதி முன் நின்று குடியுரிமை பெற்றிருந்த பல இந்தியர்களின் குடியுரிமையும் பறிக்கப்பட்டது. இந்தியர்கள் குடியுரிமை பெற 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களும் வரிசையில் நின்றவர்கள்தான்.

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர் இருக்கிறார். இந்தச் செய்திகளைப் பற்றி நான் பரபரப்பாகப் பேசியபோது, அவர் வியப்படையாமல், "தம்பி, நாங்கள் சொந்த நாட்டிலேயே அடையாள அட்டையைக் கழுத்தில் கட்டாத குறையாகத் திரிந்தனாங்கள்" என்றார். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றினார்கள். அவர்கள் அனைவரும் அந்த நாட்டின் குடிமக்கள், அட்டையும் வைத்திருந்தவர்கள். மறுநாளே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. இந்த அனுபவம் உள்ள ஒரு மொழியில், காகிதம் இருந்தால் போதும் என்ற வாதம் இவ்வளவு எளிதாக எழுதப்படுவது எனக்கு விந்தையாக இருக்கிறது.

இங்கே வாழ்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். நிறுத்தப்பட்டால், "நான் போகலாமா?" என்று கேட்கலாம், போகலாம் என்றால் அமைதியாகப் போய்விடலாம். எங்கே பிறந்தீர்கள், எப்படி வந்தீர்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் அரிசோனாவில், சட்டப்படி நிறுத்தப்பட்டவர் தம் முழுப் பெயரைச் சொல்ல மறுப்பது குற்றம். பொய் சொல்வது எங்கும் குற்றம். குடியேற்றத் துறை அதிகாரியே கையொப்பமிட்ட வாரண்டுக்கும் நீதிபதி கையொப்பமிட்ட வாரண்டுக்கும் வேறுபாடு உண்டு; முன்னது நீதிமன்ற ஆணை ஆகாது. கதவைத் திறக்கும் முன் அதைக் கண்ணாடி வழியாகக் காட்டச் சொல்லி, கீழே யார் கையொப்பமிட்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். படித்துப் புரியாத தாளில் எக்காரணம் கொண்டும் கையெழுத்திடக் கூடாது. உரிமை இருக்கிறது என்பதற்காக அதிகாரியோடு தெருவில் மல்லுக்கு நிற்க வேண்டாம். வழக்காடும் இடம் நீதிமன்றம்.

என் இளைய மகன் ஃபீனிக்ஸில் பிறந்தவன். கடந்த ஆண்டு அவன் காரின் முன்பக்கச் சிறு பெட்டியில் அவனுடைய பாஸ்போர்ட் நகலை என் மனைவி வைத்தார். அவனோடு ஒரே வகுப்பில் படித்து, ஒரே அணியில் கூடைப்பந்து ஆடிய பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பையனின் காரில் அப்படி எதுவும் இல்லை. வைக்க வேண்டும் என்று அவனுடைய தாய்க்குத் தோன்றியிருக்கவும் இல்லை. மகன் அந்த நகலை எடுத்து வெளியே போட்டுவிட்டான். "நான் இங்கே பிறந்தவன், அம்மா" என்றான். மனைவி மீண்டும் எடுத்து வைத்தார். இருவரில் யார் சரி என்று என்னைக் கேட்டார்கள். சட்டப்படி அவன் சரி என்றேன், நகல் உள்ளேயே இருக்கட்டும் என்றும் சொன்னேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. சோதனை நடந்த செய்தியைத் தாங்கள் வெளியிடும்போது, பிடிபட்ட அனைவரையும் முதல் நாளே 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்று தலைப்பிட்டு விடுகிறீர்கள். அவர்களுள் யார் அப்படிப்பட்டவர் என்பது அன்று மாலை அதிகாரிக்கே தெரிந்திருக்காது. பிடிபட்டவர் எத்தனை பேர் என்று எழுதும் இடத்தில், விடுவிக்கப்பட்டவர் எத்தனை பேர், அவர்களுள் குடிமக்கள் எத்தனை பேர் என்பதையும் கேட்டு எழுதுமாறு வேண்டுகிறேன். அந்த எண்ணை அரசுத் தரப்பு தரவில்லையென்றால், தரவில்லை என்பதையாவது அடுத்த வரியில் குறிப்பிடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சாண்ட்லர், அரிசோனா